சிங்கத்தின் வாயால் ஊற்றிய தேத்தண்ணி

இந்தமுறை சுதந்திர தின விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வவுனியாவுக்கு வந்த என் பெறாமகள், எனக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்தாள். மினுங்குகிற தாள் சுற்றிய பெட்டி. உள்ளே சின்னச் சின்னப் பைகளில் தேயிலை. கூடவே தேசியக் கொடியின் நிறங்கள் பூசிய ஒரு குட்டிப் பீங்கான் கேத்தல். விடுமுறைக் காலத்தில் பெட்டி வாங்கினால் கேத்தல் இலவசமாம்.

"பெரியம்மா, இது வாசனைத் தேயிலை. இஞ்சி, ஏலக்காய், கறுவா, தோடம்பழத் தோல் எல்லாம் கலந்தது. இப்ப கொழும்பிலை இதுதான் நாகரிகம்" என்றாள்.

ஒரு பையைக் கிழித்து மூக்கருகே பிடித்தேன். அவள் சொன்ன நாலும் இருந்தன, ஆரஞ்சுத் தோல் உட்பட. பெட்டியின் மேலே கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் படம். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். சேலையில் ஒரு கறை இல்லை. காலில் அட்டை கடித்த தழும்பு இல்லை. அவளுக்குக் கீழே, இந்தச் சுவை தங்கள் கம்பனியின் புதிய கண்டுபிடிப்பு என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கண்டுபிடிப்பாம்!

"ஏன் பெரியம்மா, முகம் ஒருமாதிரிப் போகுது? பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சிருக்கு, பிள்ளை" என்றேன். எண்பது தாண்டிய பிறகு கோபம் வந்தால், ஏன் என்று கேட்க யாரும் இல்லை. பிரஷர் குளிசையும் தண்ணீரும்தான் வருகின்றன. அதனால் அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். உங்களிடம் குளிசை இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வேலிக்கு வெளியே அதிகம் போயறியாத எனக்கு, முதல் நியமனம் வன்னிக்கு வந்தது. புளியங்குளத்தில் ரயிலால் இறங்கி, ஒட்டுசுட்டான் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்து, பாதி வழியில் இறங்கி நடந்தால், ஒரு குளக்கட்டுக்குக் கீழே குடியேற்றத் திட்டம். கொலனி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதன் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். நான் சொல்லப்போகிற ஆட்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

பெட்டி நிறைய இஸ்திரி போட்ட சேலைகளோடு போய் இறங்கினேன். ஒரு டோர்ச் லைற் கொண்டுபோக யோசிக்கவில்லை. முதல் நாள் பின்னேரமே பற்றைக்குள் ஏதோ அசைய, "ஐயோ, யானை!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பின்னால் வந்தது ஒரு எருமைக் கன்று. அடுத்த நாள் காலை நான் வகுப்புக்குப் போகமுதல் அந்தக் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. கரும்பலகையில் யாரோ ஒரு எருமை கீறி, அதற்குத் தும்பிக்கையும் வைத்திருந்தார்கள்.

கொலனியில் இருந்தவர்கள் பெரும்பாலும் என்னைப்போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள். அரசாங்கம் வயலும் வீடும் கொடுத்துக் குடியேற்றியிருந்தது. தனியாக வந்த ஒரு குமர்ப்பிள்ளை தங்குவதற்குப் பெரியவாத்தியார் காட்டிய இடம், கொலனிப் பொறுப்பதிகாரியின் குவாட்டர்ஸ். அவரை எல்லாரும் "ஐயா" என்பார்கள். அவருடைய மனைவி பத்மாவதி அக்கா. நான் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்கியவா அவா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்வதைக் கேட்டு, ஏதோ கொம்பு முளைத்த மனிசி என்று நினைத்துவிடக் கூடாது. கொம்பு முளைத்தவர்கள் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு காலம் நெஞ்சு எரிந்திருக்காது.

குவாட்டர்ஸ் விறாந்தையில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதில் நடுத்தட்டில், தனியாக ஒரு தையல் துணி விரித்து, அதன்மேல் ஒரு சிங்கம். கேத்தல்தான், ஆனால் தேசியக் கொடியிலுள்ள சிங்கத்தின் வடிவம். வளைந்த வால் கைபிடி. பிளந்த வாய்தான் கேத்தலின் மூக்கு. வாளைத் தூக்கிய முன்னங்கால் மூடியின் குமிழ். ஏதோ கண்காட்சியில் கொலனிக்குக் கிடைத்த பரிசாம்; கொலனிக்குக் கிடைத்தது எப்படி ஐயா வீட்டு அலுமாரிக்குள் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சிங்கத்தின் வயிற்றில் "சுதந்திரம்" என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தார்கள். தமிழில் "ர" விடுபட்டு, "சுதந்திம்" என்று இருந்தது. புது ரீச்சர் அல்லவா, அதைக் காணும்போதெல்லாம் எனக்குச் சிவப்புப் பேனை எடுக்கக் கை துருதுருக்கும்.

பெரிய வாய்க்காலுக்கு அங்காலே ஏழெட்டுக் குடிசைகள் இருந்தன. அங்கிருந்தவர்கள் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். ஒரு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் எரிந்துபோக, தமிழ்ச் சனம் இருக்கிற பக்கம் போனால் பிழைக்கலாம் என்று நம்பி வடக்கே வந்தவர்கள். கொலனிக்காரரின் வயலில் வரம்பு கட்ட, களை பிடுங்க, நெல் விளைந்தால் அருவி வெட்ட அவர்கள்தான் வேண்டும். அவர்களில் ஒருத்தி ராக்கம்மா. முப்பது வயது இருக்கும். பாடசாலையைக் கூட்டித் தண்ணீர் அள்ளி வைப்பாள். புருஷன் முத்தையா. ஒரே மகள் லெட்சுமி, என் இரண்டாம் வகுப்பில் முன்வாங்கில் இருக்கிறவள்.

லெட்சுமி நாலைந்து நாள் வரவில்லை என்று ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனேன். பிள்ளைக்கு அம்மாள் வருத்தம், கொப்புளங்கள் இறங்குகிற நிலையில் இருந்தது. ராக்கம்மா என்னைச் சாக்கில் இருத்திவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எங்க வீட்டுல தேத்தண்ணி குடிப்பீங்களா டீச்சர்?"

குடித்தேன். என் வாழ்நாளில் அப்படியொரு தேத்தண்ணி அதற்கு முன் குடித்ததில்லை. கல்லில் இஞ்சி நசுக்கினாள். ஒரு பழைய பால்மாத் தகரப் பேணியைத் திறந்து இரண்டு ஏலக்காய், நகமளவு கறுவாப் பட்டை, காய்ந்து சுருண்ட தோடம்பழத் தோல் ஒரு துண்டு எடுத்தாள். எல்லாம் கொதித்த பிறகு அடுப்பிலிருந்து இறக்கி, அதற்குப் பிறகுதான் தேயிலைத் தூளைப் போட்டு மூடினாள்.

"தூளப் போட்டுக் கொதிக்க வுடக் கூடாது டீச்சர். கோவிச்சுக்கும்."

தேத்தண்ணிப் பேணியை வாயருகே கொண்டுபோனபோது முதலில் தோடம்பழ வாசம். பிறகு தொண்டையில் இஞ்சி. கடைசியில், விழுங்கி முடிந்த பிறகு, எங்கிருந்தோ கறுவாவின் இனிப்பு. வெளியே பனிக் குளிர். மார்கழிப் பனி வன்னியில் எலும்பைத் தொடும். நான் இரண்டாம் பேணியும் கேட்டு வாங்கினேன், வெட்கமில்லாமல்.

"இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?"

"எங்கம்மா. தோட்டத்துல நல்ல தூளு நமக்கு எங்க கெடைக்கும்? நல்லதெல்லாம் கப்பல்ல போயிரும். தட்டிக் கொட்டுன தூசிதான் நமக்கு. அதுக்கு வாசம் வேணும்னுதான் அம்மா கண்டதையும் போட்டுப் பாத்துச்சு."

"தோடம்பழம் இஞ்சை எங்காலை?"

சிரித்தாள். "நீங்க தின்னுட்டு எறியிற தோலுதான் டீச்சர். ஐயா வீட்டுக் குப்பையில பொறுக்குனது."

நான் திரும்பி வரமுதல் செய்தி வந்துவிட்டது. அந்தக் கொலனியில் தபால்தான் பிந்தும். பத்மாவதி அக்கா குசினி வாசலில் நின்றா.

"பிள்ளை, நீர் வாய்க்காலுக்கு அங்காலை தேத்தண்ணி குடிச்சனீராம். மெய்யோ?"

"ஓம் அக்கா."

"அதுகள் தோட்டக்காட்டுச் சனம். நாளைக்கு உம்மட கொம்மா என்னைத்தான் கேப்பா. இனி உந்த வேலை வைச்சுக்கொள்ளாதையும்."  பிறகு குரலைத் தணித்து, "அப்பிடி என்ன போட்டவள்?" என்றா.

நான் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்க வேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். அடுத்த கிழமையிலிருந்து ராக்கம்மாவுக்கு இன்னொரு வேலை. பின்னேரத்தில் குவாட்டர்ஸ் குசினிக்குப் பின்வாசலால் வந்து தேத்தண்ணி போடவேண்டும். அவள் கையால் போட்ட தேத்தண்ணியைக் குடிப்பதில் யாருக்கும் தீட்டில்லை. ஆனால் அவள் குடிக்கக் கோப்பை இல்லை. பின் மதிலில் அவளுக்கென்று ஒரு தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்து வைத்திருந்தது. நான் பீங்கான் கோப்பையில் குடித்தேன். சிரட்டை என் கண்ணில் பட்டது. நானும் குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ராக்கம்மா ஏன் வந்தாள் என்று கேட்பீர்கள். காணிக்காக. கீழ்வாய்க்கால் முடிகிற இடத்தில், யாருக்கும் பிரித்துக் கொடுக்காத காட்டுத்துண்டு ஒன்றரை ஏக்கரை அவளும் முத்தையாவும் இரண்டு வருடமாக வெட்டித் துப்பரவாக்கியிருந்தார்கள். பாலை மரத்து வேர்களை மண்வெட்டியும் அலவாங்குமாகத் தோண்டி எடுத்தார்கள். ஒருமுறை யானை வந்து குரக்கனை மிதித்துவிட்டுப் போனது, மறுபடி விதைத்தார்கள். அந்தத் துண்டுக்குப் பெர்மிற் வேண்டும். விண்ணப்பத்தை என் மிக நல்ல கையெழுத்தில் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஐயா அதை வாங்கிப் பார்த்து, என் முன்னாலேயே அவளுக்குச் சொன்னார்: "உன்ர புருஷன்ர பேரையும் லிஸ்ற்றிலை போட்டிருக்கு. சுதந்திர தினத்துக்குப் பெரியவர் வாறார். அண்டைக்குத்தான் பெர்மிற் குடுக்கிறது. நீ நல்ல தேத்தண்ணியாப் போட்டுக் குடு."

அந்த நாளும் வந்தது. பெரும்போக நெல் கதிர் சாய்ந்து நின்ற காலம். பாடசாலை முற்றத்தில் பந்தல், தோரணம், கொடி. மேலிடத்திலிருந்து வந்த பெரிய அதிகாரியும் தமிழர்தான். கொடி ஏற்றி, பிள்ளைகள் பாடி முடிந்ததும், பந்தலுக்குள் கதிரைகளில் கொலனியின் முக்கியமான ஆண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். என்ன கதைத்தார்கள் தெரியுமா? தமிழனுக்கு இந்த நாட்டில் உரிமை இல்லை என்று கதைத்தார்கள். கந்தோரில் வேலை செய்யச் சிங்களம் படி என்கிறார்கள், இது என்ன அநியாயம் என்று ஐயா மேசையில் தட்டினார். பிறந்த மண்ணிலேயே நாங்கள் அந்நியரோ என்று இன்னொருவர் கேட்டார். எல்லாம் உண்மை. ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். நானும் தலையாட்டினேன்.

அந்த நேரம் ராக்கம்மா சிங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்மாவதி அக்கா அவளுக்குத் தன்னுடைய பழைய நூல் சேலை ஒன்றைக் கட்டக் கொடுத்திருந்தா. வாலைப் பிடித்துச் சரித்தவுடன் வாயிலிருந்து தேத்தண்ணி கொட்ட, பந்தல் காலடியில் நின்ற என் வகுப்புப் பிள்ளைகளில் ஒன்று உரத்துச் சொன்னது: "சிங்கம் சத்தி எடுக்குது!" நான் கண்ணை உருட்டினேன், எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெரியவர் ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு மிடறு.

"அருமை! கொழும்பிலை பெரிய ஹோட்டல்களிலையும் இப்பிடிக் குடிக்கேல்லை. ஆர் போட்டது?"

"எங்கட வீட்டு முறைதான் சேர்" என்று பத்மாவதி அக்கா தலையைக் குனிந்து சிரித்தா.

ராக்கம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுடைய கவனமெல்லாம் ஐயாவின் கையிலிருந்த தாளில். பந்தலுக்கு வெளியே, வேலியோரம், முத்தையா குளித்துத் திருநீறு பூசி, லெட்சுமியின் கையைப் பிடித்தபடி நின்றான்.

ஐயா பெயர்களை வாசித்தார். ஒவ்வொருவராக வந்து பெரியவரிடம் பெர்மிற் வாங்கிப் போனார்கள். "கீழ்வாய்க்கால் முடிவுத் துண்டு, ஒன்றரை ஏக்கர்" என்று வந்தது. முத்தையா வேலியிலிருந்து இரண்டடி முன்னால் வந்தான். வாசித்த பெயர் பத்மாவதி அக்காவின் தம்பியுடையது. யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தவன். அந்த மண்ணை அதுவரை கண்ணாலும் கண்டிராதவன்.

ராக்கம்மா கேத்தலை மேசையில் வைத்தாள்.

"ஐயா, அது நாங்க வெட்டுன காணிங்க."

"பிறகு கதைப்பம். நீ தேத்தண்ணியைக் குடு."

"பேரு இருக்குன்னு சொன்னீங்களே ஐயா."

பெரியவர் திரும்பினார். "என்ன பிரச்சினை?" ஐயா அவருடைய காதருகே குனிந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பெரியவர் அவளைப் பார்த்து, பொறுமையாகத்தான் கேட்டார்.

"பிரசாவுரிமைப் பத்திரம் இருக்கோ?"

"பத்திரமெல்லாம் இல்லீங்க. நான் பொறந்தது பதுளையிலங்க. எங்கம்மா பொறந்ததும் அங்கதாங்க."

"அது காணாது. சட்டப்படி உங்கட ஊர் இந்தியா."

"இந்தியாவுல எந்த ஊருங்க? பேரச் சொன்னீங்கன்னா தெரிஞ்சுக்கிறேன்."

அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.  யாரோ ஒருவர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். பிறந்த மண்ணிலேயே அந்நியரோ என்று கேட்டவரும் சிரித்தார்.

நான் எழுந்து நின்றேன்.  காணியை வெட்டியது இவர்கள்தான், நான் கண்ணால் கண்டேன், விண்ணப்பம் எழுதியதும் நான்தான் என்று சொல்லவேண்டும். அதுதான் வாய்க்குள் இருந்தது. வெளியே வந்தது இது:

"சேர், அந்தத் தேத்தண்ணி போட்டது இவாதான்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன். அதிலும் வேடிக்கை, பந்தலில் இருந்தவர்களைச் சுட்டது தேத்தண்ணி அல்ல, "இவா" என்ற மரியாதைச் சொல். கூலிக்காரியை ஒரு ரீச்சர் "இவா" என்பதா? பத்மாவதி அக்காவின் முகம் சிவந்தது. பெரியவர் மட்டும் சந்தோஷமாகச் சொன்னார்:

"அப்பிடியோ? அப்ப அவளுக்கு ஒரு கேக் துண்டு குடுங்கோ!"

யாரோ கேக்கை நீட்டினார்கள். ராக்கம்மா வாங்கவில்லை. குசினிக்குப் போய்த் தன் பால்மாப் பேணியை எடுத்துக்கொண்டு வந்தாள். எப்போதும் பின்வாசலால் போகிறவள், அன்றைக்குப் பந்தலின் நடுவே, பெரியவருக்கும் ஐயாவுக்கும் முன்னால் நடந்து, முன்வாசல் தோரணத்துக்குக் கீழாக வெளியே போனாள்.

அன்றைக்கே நான் சண்டை பிடித்துக் குவாட்டர்ஸை விட்டு வெளியேறினேன் என்று எழுத ஆசைதான். இல்லை. இன்னும் மூன்று மாதம் அங்கேயே சாப்பிட்டேன். மேலிடத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்க ராக்கம்மாவிடம் போனபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏன் டீச்சர் தேத்தண்ணியப் பத்திச் சொன்னீங்க? காணியப் பத்திச் சொல்லியிருக்கலாமே."



அடுத்த போகத்துக்குத் தம்பியார் வந்தார். தாங்கள் வேர் தோண்டிய நிலத்தில் முத்தையாவும் ராக்கம்மாவும் கூலிக்கு அருவி வெட்டினார்கள். சட்டம் என்றார் ஐயா, கேட்டவர்களுக்கெல்லாம். மனைவியின் தம்பிக்குக் கொடு என்று எந்தச் சட்டம் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு சில வருடத்தில் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் கூடி இருந்து, இந்தச் சனத்தைப் பங்கு பிரித்தன. இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு. மாடு கன்றைக்கூட அதன் முகத்தைப் பார்த்துத்தானே பிரிப்பார்கள்? இங்கேயே இருக்க விருப்பம் என்று ராக்கம்மா குடும்பத்துக்கு நான்தான் படிவம் நிரப்பினேன். மறுத்துவிட்டார்கள்.

அறுபதுகளின் கடைசியில் அவர்கள் போனார்கள். எனக்கு அப்போது வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்திருந்தது. செய்தி கேட்டுப் புளியங்குளம் ஸ்டேஷனுக்கு ஓடினேன். இரண்டு மூட்டை, ஒரு தகரப் பெட்டி. தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பல். லெட்சுமி பாவாடை தாவணி கட்டி வளர்ந்திருந்தாள்.

"டீச்சர், அங்க கொளம் இருக்குமா?"

"இருக்கும்" என்றேன். எனக்கென்ன தெரியும்? ராக்கம்மா அழவில்லை. ரயில் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாலை வேர் தோண்டிய கை, அப்படியே மரம் மாதிரி இருந்தது.

லெட்சுமியிடமிருந்து ஒரேயொரு கடிதம் வந்தது, இந்தியாவில் ஒரு முகாமிலிருந்து. "இங்கே எங்களைச் சிலோன்காரங்க என்கிறார்கள் டீச்சர். உங்க ஊருக்கே போங்க என்கிறார்கள்." நான் எழுதிய பதில் திரும்பி வந்துவிட்டது.

யுத்தம் முடிந்து சில வருடத்துக்குப் பிறகு ஒரு வாகனம் பிடித்து அந்தப் பக்கம் போனேன். குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் பற்றை. கொலனிக்காரர்களும் ஓடி, இடம்பெயர்ந்து, முகாம்களில் கிடந்து, பாதிப்பேர்தான் திரும்பியிருந்தார்கள். அவர்களிடமும் அந்நேரம் சோதனைச் சாவடிகளில் பத்திரம் கேட்டிருப்பார்கள், அதை நினைத்து என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. கீழ்வாய்க்கால் தூர்ந்து, ஒன்றரை ஏக்கரில் பாலைக்கன்றுகள் மறுபடி என் உயரத்துக்கு நின்றன. வாய்க்காலுக்கு அங்காலே இருந்த குடிசைகளைப் பற்றிக் கேட்டேன். அங்கே யாரும் இருந்ததாக ஒருவருக்கும் ஞாபகமில்லை.

பாடசாலை புதுக்கட்டடம். பழைய சேர்வு இடாப்பு இருக்கிறதா என்று இளம் அதிபரிடம் கேட்டேன். பிள்ளைகளைச் சேர்க்கும்போது பெயர் பதிகிற தடித்த புத்தகம். அதில் என் கையெழுத்தில் எழுதியிருந்தேன்: லெட்சுமி, தகப்பன் முத்தையா, விலாசம் இந்தக் கொலனி. அவர்கள் இந்த மண்ணில் வாழ்ந்தார்கள் என்று ஒத்துக்கொண்ட ஒரேயொரு அரசாங்கத் தாள் அதுதான்.

"அதெல்லாம் இடப்பெயர்வோடை போச்சுது ரீச்சர்" என்றார் அவர். "ஒரு தாளும் மிஞ்சேல்லை."